பெயர் நீங்கிய பின்னும் நிற்பது

ஒரு கோப்பை அழிக்க முற்படும்போது, அது வேறொரு நிரலில் திறந்திருக்கிறது என்று விண்டோஸ் இயங்குதளம் மறுத்துவிடுவது, ஒரு பொருளின் முடிவு யாரைச் சார்ந்தது என்னும் பழைய தத்துவ வினாவை மீண்டும் எழுப்புகிறது. கோப்பைத் திறக்கும் நிரலுக்கு இயங்குதளம் ‘ஹேண்டில்’ எனப்படும் ஒரு பிடியை அளிக்கிறது. பிறர் அழித்துக்கொள்ளலாம் என்னும் இசைவைத் திறக்கும்போதே அந்நிரல் தந்திராவிட்டால், அப்பிடி விடப்படும்வரை அழிக்கும் கட்டளை 32ஆம் எண் பிழையோடு திரும்பிவிடும். 1969இல் பெல் ஆய்வகத்தில் உருப்பெறத் தொடங்கிய யூனிக்ஸ் மரபில் கோப்பின் பெயர் வேறு, ‘ஐநோடு’ என்னும் உட்பதிவால் குறிக்கப்படும் கோப்பு வேறு. அழித்தல் என்பது அங்குப் பெயரை அகற்றுவது மட்டுமே. கடைசிப் பெயரும் நீங்கியபின் அப்பெயர்வழியே புதிதாக எந்த நிரலும் கோப்பை அடைய முடியாது என்றாலும், முன்பே திறந்து வைத்திருக்கும் நிரல் அதைத் தொடர்ந்து பயன்படுத்தும். அதுவும் மூடிய பின்னரே வட்டில் கோப்பு கொண்டிருந்த இடம் விடுவிக்கப்படும்.

ஞானம் பெற்றவருக்கும் உடல் ஏன் நீடிக்கிறது என்னும் வினாவுக்கு இந்நிலை மிக அருகில் நிற்கிறது. சைவ சித்தாந்தம் வினையை, சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இவ்வுடலில் நுகரப்பட்டு வரும் பிராரத்தம், இனி ஏறவிருக்கும் ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கும். சஞ்சிதம் குருவின் தீக்கையால் நீங்கும், ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழியும், பிராரத்தமோ நுகர்ந்தே கழியும். எஞ்சும் இவ்வினையைச் சங்கரர் தம் பிரம்ம சூத்திர உரையில், முடுக்கிய விசை தீரும்வரை சுழலும் குயவன் சக்கரத்தைக் கொண்டு விளக்கினார். அவ்வுவமை எச்சத்தின் கால எல்லையை விளக்குகிறதே ஒழிய அதன் உறவை விளக்கவில்லை, ஏனெனில் விசையால் சுழலும் சக்கரத்தை அப்போது எவரும் பற்றியிருப்பதில்லை. பெயரிழந்த கோப்போ பற்றியிருக்கும் நிரலால்தான் நிலைக்கிறது. நுகரும் உயிரைச் சார்ந்தே வினைப்பயன் நிற்கிறது என்னும் சித்தாந்தக் கருத்துக்கு இதுவே நெருக்கமானது.

பிடியை வெளியிலிருந்து வலிந்து மூடும் கருவிகளும் உள்ளன. அவ்வாறு மூடினால், நடந்ததை அறியாத நிரல் தன் தரவைச் சிதைத்துவிடக்கூடும். விடுபட்ட பிடியின் எண் வேறொரு கோப்புக்கு வழங்கப்பட்டு, ஓரிடத்துக்குரிய எழுத்து வேறிடத்தில் சென்று பதியவும் கூடும். பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டும் என்று சித்தாந்திகள் வற்புறுத்தியதை வெறும் விதிவாதம் என்று தள்ளிவிட முடியாது என்பது இதனால் புலப்படும்.

ஆயினும் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பெயர் நீங்கியதை நிரல் உணர்வதில்லை. கோப்பு முன்போலவே இருப்பதாகக் கொண்டு அது இயங்குகிறது. உடலோடிருக்கையிலேயே விடுதலை பெற்ற சீவன்முத்தரோ தம்மைப் பிணித்திருந்த பாசம் அற்றதை அறிந்தே, எஞ்சிய வினையைத் தமதென்று பற்றாது, சிவன் செயலாகக் கண்டு நுகர்கிறார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 10ஆம் நூற்பா பாச நீக்கத்தை இறைபணியில் நிற்றலோடு இணைத்தே பேசுவது இதனாலாகும்.