முத்துசாமியை வைத்துச் சிரிக்கும் உரிமை

2019 ஜூலையில் சிங்கப்பூரில் வெளியான 'இ-பே' மின்கட்டணச் சேவை விளம்பரத்தில் சீன இன நடிகர் டெனிஸ் சியூ தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு, 'கே. முத்துசாமி' என்ற பெயர்ப்பட்டையோடு நின்றார். அதைக் கண்டித்துச் சிங்கப்பூர் இந்தியர்களான பிரீத்தி நாயரும் அவர் சகோதரர் சுபாஸ் நாயரும் வசைச்சொற்கள் கலந்த ராப் கேலிப்பாடல் ஒன்றை வெளியிட்டார்கள். விளம்பரத்துக்குப் பொறுப்பானவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். பாடியவர்களும் கேட்டார்கள், ஆனால் அவர்களுக்கு மட்டும் காவல்துறையின் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. சீனர் அனைவரையும் சேர்த்துத் திட்டியது தவறு என்ற ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அவர்கள் கோபத்தின் காரணம் நியாயமானது.

இனத்தைத் தொட்டு நகைச்சுவையே கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஹிட்லரை எதிர்த்த போரில் அமெரிக்கப் படைவீரராக இருந்த யூதர் மெல் புரூக்ஸ், 1967-இல் 'தி புரொடியூசர்ஸ்' படத்தில் அதே ஹிட்லரை ஆடல்பாடலாக்கிச் சிரிக்க வைத்தார். இன்னொரு யூதரான சாஷா பரோன் கோஹன் யூத வெறுப்பாளனாகவே வேடமிட்டு, அரிசோனாவின் மதுக்கூடம் ஒன்றில் வெறுப்புப் பாட்டுப் பாடினார். அங்கிருந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். மறைந்திருந்த வெறுப்பு வெளியே வந்தது. நையாண்டி புரியாமல், வெறுப்பையே ரசிப்பவர்களும் இருப்பார்களே என்று கேட்கலாம். இருப்பார்கள்தான். அந்த ஆபத்து தன் தலையிலும் விழும் என்று தெரிந்தே கோஹன் பாடினார். அவருடைய கேலிக்கு நியாயம் தருவது பிறப்பு மட்டும் அல்ல, அடியைத் தானும் வாங்க நிற்கும் அந்த நிலைதான்.

இந்த அளவுகோலைச் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பகுதிக்குக் கொண்டுவந்தால் இங்குள்ள தமிழரான நமக்கே உறுத்தும். அங்கே விடுதிகளில் தங்கி, லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். வேலை அனுமதியை முதலாளி ரத்து செய்தால் ஊர் திரும்ப வேண்டியவர்கள். 2020-இல் கொரோனா பரவியபோது மாதக்கணக்கில் விடுதிக்குள்ளேயே அடைக்கப்பட்டவர்களும் இவர்களே. இவர்களுடைய ஆங்கிலத்தையும், லிட்டில் இந்தியாவில் இவர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் குடியுரிமை பெற்ற தமிழர் மேடையில் கேலி செய்துவிட்டு, "நம்மை நாமே கிண்டலடிக்கிறோம்" என்று சொன்னால் அது உண்மையாகாது. மொழியும் நிறமும் ஒன்று. ஆனால் அந்தக் கேலியால் லாரியில் போகிறவருக்கு வரும் இழிவு மேடையில் இருப்பவரைத் தொடுவதில்லை. அந்த இடத்தில் அவரும் டெனிஸ் சியூ நின்ற பக்கத்தில்தான் நிற்கிறார்.

மேடையேறும் நம் கலைஞர்களே, தொழிலாளி வேடம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. துவாஸ் விடுதியிலிருந்து சிலரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகு போடுங்கள்.