300 மீட்டர் ஆழத்துக்கு ஒரு சாக்கு

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஜெனீவா நகரத்துப் பொற்கொல்லர்களின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. 1541-ல் ஜான் கால்வின் நகருக்குத் திரும்பி வந்த பிறகு சீர்திருத்தத் திருச்சபையின் கண் ஆடை, விருந்து, நடனம், நகை என எல்லாவற்றின் மேலும் விழுந்தது. கத்தோலிக்கப் பூசைக்கான சிலுவையும் கிண்ணமும் செய்யக் கூடாது என்று தடை வந்தது. மோதிரமும் சங்கிலியும் வீண் பகட்டு என்று ஒதுக்கப்பட்டன. கடிகாரம் மட்டும் தப்பியது. அது கருவி என்ற கணக்கில் சேர்ந்தது; பிரசங்கத்துக்கு நேரத்தோடு வந்து உட்கார உதவுவதை எப்படிக் குறை சொல்வது? பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் அகதிகள் சிலருக்குக் கடிகாரத் தொழில் தெரிந்திருந்தது. உள்ளூர்க்காரர்களுக்குப் பொன்வேலை தெரியும். இரண்டும் கைகோத்ததில், 1601-ல் கடிகாரம் செய்பவர்களுக்கென்று ஜெனீவாவில் தனிச் சங்கமே அமைந்துவிட்டது.

கால்வின் 1564-ல் இறந்தார். தன்னைப் புதைத்த இடத்தில் அடையாளம் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டே இறந்தார். அந்த நகரத்திலிருந்துதான் இன்று ரோலெக்ஸும் பாடெக் ஃபிலிப்பும் உலகத்துப் பணக்காரர்களின் மணிக்கட்டுகளுக்குப் போகின்றன. நம்மூர் மைனர் செயினை விட்டுவிட்டால், உலகம் முழுக்க ஆண்கள் கூச்சமில்லாமல் அணியும் நகை கைக்கடிகாரம்தான். ஆனால் நகை என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. டயலைப் பாருங்கள்: 300 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று எழுதியிருக்கும். இல்லாவிட்டால், சுற்றியிருக்கும் வளையத்தில் மணிக்கு 400 கிலோமீட்டர் வரை வேகத்தைக் கணக்கிடும் அளவுகோல் இருக்கும். அணிந்திருப்பவர் போவதெல்லாம் ஏ.சி. அறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவில். இருந்தாலும் அது கருவி. கால்வினின் ஜெனீவாவில் செல்லுபடியான அதே சாக்கு, இன்றைக்கும் செல்லுபடியாகிறது.

சாக்கு என்றாலும் அதற்குப் பின்னால் கனமான ஓர் இறையியல் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைக் கண்டித்த பாதிரிமார்களின் வாதங்களில் ஒன்று, வட்டிக்காரன் நேரத்தை விற்கிறான் என்பது. நேரம் கடவுளுடையது, அடுத்தவர் சொத்தை விற்பது திருட்டு. கால்வினைப் பின்பற்றியவர்கள் இந்த எண்ணத்தை அன்றாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் மனிதன் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்றால், சட்டைப்பையில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பது நல்லதுதானே.

தத்துவவாதிகளுக்கும் கடிகாரத்தின் மேல் தீராத மோகம். 1715-ல் லைப்னிட்ஸ், நியூட்டனின் கடவுள் தான் படைத்த கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று நையாண்டி செய்தார். 1802-ல் வில்லியம் பேலி, புதர்வெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும், உலகமும் அப்படித்தான் என்று வாதாடினார். இருவரும் கடிகாரத்தைச் செய்தவனைப் பற்றியே கேட்டார்கள். அதைக் கட்டிக்கொண்டிருப்பவன் யார், எதற்காகக் கட்டியிருக்கிறான் என்பது அவர்களுக்குக் கேள்வியாகவே தோன்றவில்லை. இன்றைக்கு அந்தக் கேள்விதான் சுவாரசியமானது.

முதலில், சாக்கு சாக்காக இல்லாத காலம். பிளாங்பான் கடிகார நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஜான்-ஜாக் ஃபீஷ்டர் தானே கடலில் முக்குளித்தவர். தென் பிரான்சின் கடலில் ஒருமுறை நேரம் போனது தெரியாமல் இருந்துவிட, சிலிண்டரில் காற்று தீர்ந்து தட்டுத்தடுமாறி மேலே வந்தார். அந்த அனுபவத்திலிருந்து 1953-ல் உருவானது ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’. பெயரிலுள்ள ஐம்பது ஃபேதம் என்பது சுமார் 91 மீட்டர். அதே சமயம் பிரெஞ்சுக் கடற்படையின் நீரடி வீரர்களுக்காக ராபர்ட் மலூபியேவும் கிளாட் ரிஃபோவும் தாங்கக்கூடிய ஒரு கடிகாரத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். தேடல் பிளாங்பானில் முடிந்தது.

இதில் முக்கியம் டயலைச் சுற்றிய வளையம். தண்ணீரில் இறங்கும்போது வளையத்தின் பூஜ்ஜியக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் முள் எங்கே நிற்கிறதோ அத்தனை நிமிடம் கழிந்துவிட்டது. மிச்சக் காற்று எவ்வளவு என்பது மனக்கணக்கு. வளையம் பாறையில் இடித்து நகர்ந்துவிட்டால்? இதற்காகவே பிற்காலத்தில் அதை இடப்பக்கமாக மட்டும் சுழலும்படி செய்வது வழக்கமாயிற்று. அந்தப் பக்கமாக எவ்வளவு நகர்ந்தாலும், கழிந்த நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். ஆள் சீக்கிரமே மேலே வந்துவிடுவான். மனிதன் தவறுவான் என்று எடுத்துக்கொண்டு, தவறினாலும் உயிர்ப்பக்கமாகவே தவறட்டும் என்று செய்த ஏற்பாடு இது. நிலையாமையைப் பற்றி எத்தனையோ மதநூல்கள் பேசியிருக்கின்றன. அதை இவ்வளவு சிக்கனமாக, உபதேசத்தொனி இல்லாமல், ஓர் உலோக வளையத்தில் எழுதிவைத்தவர்கள் குறைவு.

பந்தயக் கடிகாரத்தின் கதையில் மரணம் இன்னும் வெளிப்படை. 1950 முதல் 1954 வரை மெக்சிகோவின் பொதுச்சாலைகளில் நடந்த ‘கரேரா பனமெரிக்கானா’ என்ற கார் பந்தயம் பலரைக் காவு வாங்கி, அதனாலேயே நிறுத்தப்பட்டது. 1962-ல் அமெரிக்காவின் செப்ரிங் பந்தயத்துக்குப் போயிருந்த ஹாயர் கடிகார நிறுவனத்தின் ஜாக் ஹாயர் கரேரா பந்தயத்தின் பெருமையைக் கேட்டது இளம் ஓட்டுநர்கள் பெட்ரோ, ரிக்கார்டோ ரோட்ரிகஸ் சகோதரர்களின் பெற்றோரிடமிருந்து. பெயரின் ஓசையில் சொக்கிப்போய் 1963-ல் தன் புதிய கடிகாரத்துக்குக் கரேரா என்று பெயர் வைத்தார். அது கடைக்கு வருவதற்குள், 1962 நவம்பரில், இருபது வயது ரிக்கார்டோ மெக்சிகோ நகரத் தடத்தில் பயிற்சியின்போது இறந்துவிட்டான். 1971 ஜூலையில் ஜெர்மனியில் பெட்ரோவும் போனான். அதே ஆண்டு அக்டோபரில் ஹாயரின் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓட்டிய ஸ்விஸ் வீரர் ஜோ சிஃபர்ட் பிரிட்டனின் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் எரிந்த காரில் இறந்தார். சில மாதங்களுக்கு முன்தான், சிஃபர்ட்டைப் போலவே உடுத்திக்கொண்டு ஸ்டீவ் மெக்குவீன் ‘லு மான்ஸ்’ படத்தில் சதுர வடிவ ஹாயர் மொனாக்கோ கடிகாரத்துடன் திரையில் வந்திருந்தார். இன்றைக்கு விளம்பரங்களில் வருபவர் மெக்குவீன். சிஃபர்ட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் கடிகாரம் வேலைக்கான பொருள். ஒரு கிலோமீட்டர் கடக்க எத்தனை விநாடி என்று பொத்தானை அமுக்கிப் பார்த்தால், 3,600-ஐ அந்த விநாடிகளால் வகுத்த விடை வளையத்தில் தயாராக இருக்கும். 20 விநாடி என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர்.

1969 கிறிஸ்துமஸ் நாளன்று டோக்கியோவில் சாக்கு உடைந்தது. செய்கோ நிறுவனம் அன்று விற்பனைக்கு விட்ட ‘ஆஸ்ட்ரான்’ குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒரு சிறிய காரின் விலை. ஆனால் சில ஆண்டுகளில் குவார்ட்ஸ் பெட்டிக்கடைப் பொருளாகிவிட்டது. மிக நல்ல சாவிக்கடிகாரம் ஒரு நாளில் காட்டும் பிழையைவிட, சாதாரண பேட்டரி வாட்ச் காட்டுவது குறைவு. சுவிட்சர்லாந்தில் 1970-ல் இந்தத் தொழிலில் இருந்த சுமார் 90,000 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் 1980-களின் பிற்பகுதியில் மிஞ்சினார்கள். ஓசூரில் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் குவார்ட்ஸை நம்பியே இறங்கியது. தினம் சாவி கொடுத்த எச்.எம்.டி. வாட்சுகள் மேசை அறைகளுக்குள் ஒதுங்கின. முக்குளிப்பவர்களுக்கு ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பந்தயத் தடங்களில் ஆயிரத்தில் ஒரு விநாடியை மின்னணுக் கருவிகள் அளக்கத் தொடங்கின. சுருள்வில்லும் பல்சக்கரமும் வைத்து நேரம் பார்க்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லாமல் போயிற்று.

பயன் போன பிறகும் ஒன்றை ஏன் காப்பாற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு எந்தத் தத்துவவாதியைவிடவும் நல்ல பதிலைச் செயலில் காட்டியவர் சார்ல் வெர்மோ. லு லோக்ல் என்ற மலையூரில் ஜெனித் தொழிற்சாலையின் பட்டறைப் பொறுப்பாளர். விநாடியைப் பத்தாக வெட்டி அளக்கும் ‘எல் பிரிமேரோ’ என்ற க்ரோனோகிராஃப் பொறி அங்கே 1969-ல் பிறந்திருந்தது. 1975-ல் ஜெனித்தின் அமெரிக்க முதலாளிகள் இயந்திரக் கடிகாரம் செய்தது போதும், அதற்கான சாதனங்களை ஒழித்துக்கட்டுங்கள் என்று உத்தரவிட்டார்கள். வெர்மோ ஒழிக்கவில்லை. அழுத்து அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் ஒவ்வொன்றாகச் சீட்டெழுதிக் கட்டி, தொழிற்சாலைப் பரணுக்கு ரகசியமாகக் கொண்டுபோய் மறைத்து வைத்தார். படையெடுப்புக்கு அஞ்சிய காலத்தில் உற்சவ மூர்த்திகளை மண்ணுக்குள் இறக்கிவைத்த நம் கோயில்காரர்கள் செய்ததும் இதுதான். 1980-களில் மறுபடி தேவை வந்தபோது எல்லாம் பரணில் அப்படியே இருந்தன. 1988 முதல் 2000 வரை ரோலெக்ஸின் டேடோனா கடிகாரத்துக்குள் ஓடியது, சில மாற்றங்களுடன், அந்தப் பொறிதான்.

வெர்மோவுக்கு லாபம் எதுவும் இல்லை. வேலை போகும் ஆபத்துதான் இருந்தது. நல்ல வேலைப்பாடு அழியக் கூடாது என்பதைத் தவிர அவர் சாக்கு எதையும் தேடவில்லை. இந்த இடத்தில்தான் முக்குளிப்பு வேடமும் பந்தய வேடமும் உறுத்துகின்றன. ஆயிரக்கணக்கான முறை மனிதக்கை பட்ட ஒரு நுட்பத்தை, பயனில்லாவிட்டாலும் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்குவதில் தப்பு என்ன? கோபுரத்தின் மேல்தளத்தில், கீழிருந்து யாருக்கும் தெரியாத சுதைச்சிற்பத்துக்கும் இமை வரைந்த ஸ்தபதியை யாரும் பயன் கேட்பதில்லை. வாங்குபவருக்குத்தான் அந்த வாக்கியம் வாயில் வர மறுக்கிறது. அழகுக்காக இவ்வளவு பணமா என்ற குற்றவுணர்வை 300 மீட்டர் ஆழத்தில் அமிழ்த்திவிடுகிறார். கால்வினின் தேவாலயத்துக்கு ஒருநாளும் போகாதவர்கள் கால்வினின் கூச்சத்தை மட்டும் தவணை முறையில் வாங்குகிறார்கள். இரவல் வீரம் அதற்கு வட்டி. செத்தவன் ரிக்கார்டோ, அணிபவன் வேறொருவன்.

கடிகாரத்தோடு இன்னும் நேர்மையாக நடந்துகொண்டவர்கள் உண்டு. ஜெனீவாவில் ஒரு கடிகாரக்காரருக்கு மகனாகப் பிறந்த ரூசோ, எளிய வாழ்க்கைக்கு மாறுவது என்று முடிவெடுத்தபோது வாளையும் சரிகை உடையையும் விட்டதோடு கைவசமிருந்த கடிகாரத்தையும் விற்றார். இனி மணி பார்க்க வேண்டாம் என்று மகிழ்ந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காந்தி நேர் எதிர். மேல்துணியே வேண்டாம் என்றவர் இடுப்பில் கடிகாரத்தைத் தொங்கவிட்டார். நேரம் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள், அதில் ஒரு நிமிடம் வீணானாலும் தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் நிலை. ஜெனீவாவின் பிரசங்கிகள் தேடியிருந்த மனிதர் சேவாகிராமத்தில் கிடைத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் பயன்படுத்திய ஜெனித் பாக்கெட் கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் எல்லாம் சேர்ந்து 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. 18 லட்சம் டாலருக்கு எடுத்தவர் விஜய் மல்லையா. சாராய வியாபாரி, அப்போது ஃபார்முலா ஒன் பந்தய அணி ஒன்றின் உரிமையாளரும்கூட. டேடோனாவுக்குப் பொறி கொடுத்த அதே ஜெனித் நிறுவனத்தின் கடிகாரம், கள்ளுக்கடை மறியல் நடத்தியவரிடமிருந்து இப்படியொருவர் கைக்குப் போயிற்று. கதாசிரியன் எழுதினால் மிகை என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டியிருப்பார்.

எல்லாவற்றையும் பகட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. ரோலெக்ஸுக்குப் பங்குதாரர்கள் கிடையாது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த அதன் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1945-ல் அமைத்த அறக்கட்டளையே அதன் சொந்தக்காரர். ஜெனீவாவில் அது செய்யும் தருமங்களில் ஆர்வ் ஆற்றின் மேல் 2012-ல் திறந்த பாலமும் ஒன்று. நகை விற்ற காசு நகரத்துக்குத் தருமமாகிறது. கால்வின் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பாரா, கணக்குப் புத்தகத்தைக் கேட்பாரா என்பது பந்தயம் கட்டத்தக்க கேள்வி.

நடிகர் பால் நியூமன் கார் பந்தயத்தில் இறங்கிய காலத்தில் மனைவி ஜோஆன் உட்வர்ட் அவருக்கு ஒரு டேடோனா வாங்கிக் கொடுத்தார். அன்று அவ்வளவாக விலைபோகாத மாடல். பின்மூடியில், பார்த்து ஓட்டும்படி கணவரைக் கேட்டுக்கொள்ளும் வாசகத்தைப் பொறிக்கச் செய்திருந்தார். நியூமன் நிஜமாகவே ஓட்டினார்; 1979 லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரது அணி இரண்டாவதாக வந்தது. 1984-ல், மகளின் நண்பரான இளைஞரிடம் மணி கேட்டார். அவரிடம் வாட்ச் இல்லை. நியூமன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் அதே வாட்ச் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஆலையில் செய்த பாகங்கள் அதில் அதே மாடலின் மற்ற டேடோனாக்களில் இருப்பவைதான். விலையை ஏற்றியதில் மனைவியின் கவலைக்கும் பெரிய பங்கு உண்டு. ஏலம் எடுத்தவர் அதைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறாரா, பெட்டகத்தில் வைத்திருக்கிறாரா என்று கேட்க உட்வர்டுக்கு மட்டும்தான் உரிமை இருந்திருக்கும்.