கத்தரீன் அம்மையாரும் உண்ணா நோன்பும்

உணவைச் சுருக்கி உடம்பை ஒறுத்தல் பல சமயத்தார்க்கும் ஒத்த ஒழுக்கமாம். ஆயினும் அவ்வொறுப்பு எவ்வளவில் தவமாகும், எவ்வளவின் மிக்கவழித் தவத்திற்கே பகையாகும் என்னும் வினா எளிதில் விடுக்கற்பாலதன்று. கத்தோலிக்க சமயத்து அடியார் ஒருவரது வரலாறு இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வது கண்டு அதனை ஈண்டு எடுத்துக்கொண்டாம். அவர் இத்தாலி நாட்டுச் சியன்னா நகரத்துக் கத்தரீன் அம்மையார் ஆவர்.

அம்மையார் 1347-ஆம் ஆண்டிற் சாயத்தொழில் செய்யும் ஒரு குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் ஜாக்கொப்போ பெனின்காசா, தாயார் லாப்பா. இருபதின் மேற்பட்ட மக்களைப் பெற்ற இல்லம் அது. அடுத்த ஆண்டிலேயே கொள்ளைநோய் அந்நகரைப் பாழ்படுத்திற்று. சாவின் நிழலிலேயே வளர்ந்த அச்சிறுமியார் ஏழாம் அகவையிலேயே மணவாதிருப்பதென்று உறுதி பூண்டனர் என்ப. மூத்த சகோதரியார் 1362-இல் மகப்பேற்றின்கண் உயிர்துறந்தார். பெற்றோர் கத்தரீனை மணத்திற்கு நெருக்கவே, அவர் தம் கூந்தலை அரிந்தெறிந்தார். சினந்த பெற்றோர் அவர்க்கெனத் தனியறை இல்லாமற் செய்து, வீட்டு வேலை அனைத்தையும் அவர் தலைமேற் சுமத்தினர். அவ்வமயம் அவர் தம் உள்ளத்திலேயே ஓர் அறை அமைத்துக்கொண்டார். தந்தையைக் கிறிஸ்துவாகவும், தாயை மரியம்மையாகவும், உடன்பிறந்தாரைச் சீடராகவும் பாவித்து அடுக்களையிற் பணிசெய்தனர். இவ்வொரு செய்தியே அவர்தம் பெருமையை உணர்த்தப் போதியதாம் என்பது எம் கருத்து.

பின்னர்த் தந்தையார் மனமிரங்கி இசைய, தோமினிக்கு முனிவர் சபையைச் சார்ந்து இல்லத்திலிருந்தே நோற்கும் மகளிர் கூட்டத்திற் சேர்ந்து, மூன்றாண்டு தம் அறையிலேயே தனித்திருந்தார். நோன்போ அதற்கு முன்னரே கடுகத் தொடங்கிவிட்டது. பதினாறாம் அகவையளவில் அப்பமும் பச்சைக் கீரையும் நீருமே உணவாயின. சில ஆண்டுகளில் அப்பமும் நீங்கிற்று. நற்கருணை ஒன்றையே உட்கொண்டு பன்னாள் இருந்தனர் என்று அவர்தம் ஆன்மகுருவாகிய கப்புவா நகரத்து ரெய்மண்டு அடிகள் எழுதிய வரலாறு கூறுகின்றது. பிறர் வற்புறுத்த உண்டவிடத்து வயிறு ஏலாமல் வருந்தி, ஒரு குச்சியைத் தொண்டையுட் செலுத்தி உமிழ்ந்து விடுவாராம். ஊரார் சிலர் இதனைத் தெய்வச்செயல் என்றனர். சிலர் பேயின் செயல் என்றனர். மறைவில் உண்கின்றாள் என்றாரும் உளர்.

இனி, நூற்குள் வருவாம். அம்மையாரால் ஏறக்குறைய 380 கடிதங்களும், 1377, 1378 ஆகிய ஆண்டுகளில் அவர் சொல்லப் பிறர் எழுதிய 'உரையாடல்' என்னும் நூலும் நமக்குக் கிடைத்துள்ளன. அந்நூலுள் இறைவன் கூற்றாக வரும் பகுதியில், நோன்பு முதலிய ஒறுப்புக்கள் கருவியே அன்றிப் பயன் அல்ல, அன்பே அறத்தின் வேர், ஒறுப்பையே தலைமையாகக் கொண்டார் தம்மைப்போல் ஒழுகாதாரை இகழும் பிழையில் வீழ்வர் என்னும் கருத்து அழுத்தமாகக் காணப்படுகின்றது. ஒர்வியேத்தோ நகரத்துத் தானியேலா என்னும் துறவிப் பெண் தம் நோன்பை முன்போற் செய்ய இயலாமைக்கு நொந்திருந்தபோது அம்மையார் வரைந்த கடிதம் இன்னும் வெளிப்படையானது. உடல் தளர்ந்தால் நோன்பை விடுக, ஊன் உணவும் கொள்க, நாளுக்கு ஒருமுறை போதாதாயின் நான்குமுறை உண்க, முழந்தாளிட இயலாதாயின் இருந்தோ கிடந்தோ வழிபடுக என்பது அதன் பொருள்.

இங்ஙனம் எழுதியவரே தாம் உண்டிலர். இதுவே நம் முன் நிற்கும் சிக்கல்.

சொல்லும் செயலும் மாறுபட்டன என்று கடிந்துரைத்தல் எளிது. ஆனால் தம்மைக் குறைகூறிய ஃபிளாரென்சு நகரத்துத் துறவி ஒருவர்க்கு அம்மையார் விடுத்த மறுமொழியை நோக்கினார்க்கு அக்கடுமை நில்லாது. நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ உண்ண முயல்வதாகவும், இக்குறையை நீக்கியருளுமாறு இறைவனை வேண்டுவதாகவும், துறவியாரும் தமக்காக வேண்டவேண்டும் எனவும் அதன்கண் எழுதியுள்ளார். ஆகவே பிற்காலத்து உண்ணாமை அவர் விரும்பிக் கொண்டது அன்று. அவர்மேல் வந்து நின்றது. இளமையில் விருப்பத்தால் தொடங்கியது, பின்னர் விருப்பத்தையும் கடந்த கட்டாயிற்று. தானியேலாவிற்கு எழுதிய அறிவுரை, தாம் மீளமாட்டாத வழியில் மற்றொருத்தி செல்லாவண்ணம் காத்த கை என்றே எமக்குத் தோன்றுகின்றது. அம்மையார் இங்ஙனம் யாண்டும் சொல்லிற்றிலர். இஃது எம் ஊகமே.

ருடால்ப் பெல் என்னும் வரலாற்றாசிரியர் 1985-இல் வெளியிட்ட நூலில் இதனை இக்கால மருத்துவர் கூறும் உண்ணாமை நோயோடு ஒப்பிட்டார். 1987-இல் கரோலின் வாக்கர் பைனம் என்னும் அம்மையார், நோய் என்ற ஒரு சொல்லால் அதனை முடித்துவிடலாகாது, அக்காலப் பெண்டிரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பொருள் உணவே என்று காட்டினார். பின்னது எமக்குப் பெரிதும் உடன்பாடு. பொருளைத் துறக்க அப்பெண்டிர்க்குப் பொருள் ஏது? சமைப்பதும் படைப்பதும் அவர் கையில் இருந்தன, துறந்ததும் அதனையே.

உடம்பு உயிரின் விளக்கத்திற்கு இறைவன் உதவிய கருவி என்னும் நம் நூற்கோளை வைத்து அவரை அளத்தல் முறையன்று. அவர்தம் நூலையே கொண்டு அளத்தல் வேண்டும். அங்ஙனம் அளந்தால் அவர் பெருமை ஒழிந்த கலத்தின்கண் இல்லை. மார்பிற் புண்ணுற்றுக் கிடந்த அந்திரேயா என்னும் முதியவள், தனக்குப் பணிசெய்யும் கத்தரீனின் கற்பையே பழித்து ஊரிற் பரப்பினாள். அம்மையார் அப்பணியை ஒருநாளும் விட்டிலர். 1375-இல் அரசியற் குற்றத்திற்காகத் தலை வெட்டுண்ட நிக்கொலோ என்னும் பெருசியா நகரத்து இளைஞனுக்குக் கொலைக்களத்தில் உடனிருந்து, வெட்டுண்ட தலையைத் தம் கையில் ஏந்தினார். 1376-இல் அவிஞோன் சென்று, பதினொன்றாம் கிரகோரி பாப்பரசரை உரோமைக்குத் திரும்புமாறு வற்புறுத்தினார். உண்ணாத உடம்பு இவ்வளவும் ஆற்றிற்று என்று வியப்பாரும் உளர். பிறர் உயிரைக் காத்தலையே சிலுவை என்னும் மேசையில் உண்ணும் உணவென அம்மையார் பல கடிதங்களிற் கூறுதலின், அவர்தம் பசியையும் பணியையும் முற்றப் பிரித்தல் எம்மால் இயலவில்லை.

ஈண்டு எம் இல்லத்துச் செய்தி ஒன்று. எம் தமக்கையார் இளமையிற் கைம்மையுற்று ஒருபொழுது உண்டு, பின் அதனையும் குறைத்து வந்தனர். யாங்கள் அனைவரும் அதனைப் புகழ்ந்தோம், யாமும் புகழ்ந்தோம். 'பசிக்கின்றதா' என்று கேட்டார் ஒருவரும் இலர். தானியேலாவிற்கு எழுதிய கடிதத்தின் கருத்தை அறிந்த பின்னரே அது எமக்கு உறைத்தது. சியன்னாவிலும் வியந்தார் பலர்; உண்ணுமாறு ஆணையிட்ட ஆன்மகுருவை ஒத்தார் சிலரே.

1378-இல் திருச்சபை இருவேறு பாப்பரசரின்கீழ்ப் பிளவுண்டது. அம்மையார் உரோமையிலிருந்து அப்பிளவிற்கு வருந்தி, 1380-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடோறும் பேதுரு ஆலயத்திற்கு நடந்து சென்று வேண்டிவந்தனர். பின்னர்க் கால்கள் தாங்கவில்லை. இறுதி வாரங்களிற் பலகைமேற் கிடந்தபடியே வழிபட்டனர். தானியேலாவிற்கு விடுத்த அறிவுரையின் அப்பகுதியையேனும் தமக்கும் உரியதாக்கிக்கொண்டு, அவ்வாண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், முப்பத்துமூன்றாம் அகவையில் உயிர்துறந்தார்.