வெடிச்சத்தம் எதற்குச் சான்று?

பழைய அம்பாசடர் பெட்ரோல் கார் ஒன்று மேடு ஏறத் திணறுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் புல்லிங் இல்லை; வேகம் கூடவேண்டிய நேரத்தில் ‘டப், டப்’ என்று வெடிக்கிறது. என்ன கோளாறு என்பது மெக்கானிக் விடை சொல்லவேண்டிய கேள்வி. ஆனால், கண்ணெதிரே இருக்கும் விளைவை வைத்துக்கொண்டு கண்ணுக்கு எட்டாத காரணத்தை அறிந்துவிட்டதாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும் என்பது தர்க்க நூல்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி. மணிமேகலை காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறான். சூல்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல். ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து அதன் தலைப்பகுதியில் மழை பெய்தது என்பது எச்சம். மெக்கானிக் செய்வது இந்த இரண்டாவது வகை. மூன்றில் அதிகம் தடுக்கிவிழ இடமுள்ளதும் இதுதான்.

ஏன் தடுக்கிவிழும் என்பதை நியாய மரபின் மூலநூலான நியாய சூத்திரமே எதிராளியின் வாயால் சொல்லிவிடுகிறது. ஆறு பெருகியதற்கு மழைதான் காரணமாக இருக்கவேண்டுமா? எங்காவது நீரோட்டம் அடைபட்டிருந்தாலும் மட்டம் உயருமே! எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மழை வரும் என்கிறோம். அதன் புற்றை யாராவது கலைத்திருக்கலாம். மயில் அகவுவது போலக் கேட்கிறது. மனிதன் ஒருவன் அப்படிக் குரல் கொடுத்திருக்கலாம். ஆகவே அனுமானம் அறிவு தரும் வழியே அல்ல என்கிறான் எதிராளி. என்ஜினுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் வெடிக்கும். டைமிங் தள்ளிப்போனாலும் வெடிக்கும். வால்வு கருகிச் சரியாக மூடாவிட்டாலும், பிளக் வயர்களை மாற்றி மாட்டியிருந்தாலும் வெடிக்கும். ஒரே சத்தத்துக்கு இத்தனை வாசல்கள் இருக்கும்போது, ‘இதுதான் காரணம்’ என்று சொல்வது ஊகமே தவிர அறிவு ஆகுமா?

நியாய நூலார் சொன்ன பதில் எளியது, ஆழமானது. தவறியது அனுமானம் அல்ல; அடையாளம் அல்லாததை அடையாளம் என்று எடுத்துக்கொண்டவன்தான் தவறினான். வெறுமனே நீர்மட்டம் உயர்வது மழைக்கு அடையாளம் அல்ல. நுரை, இழுப்பு, அடித்துக்கொண்டு வரும் இலைதழையும் கட்டையும் ஆகிய எல்லாம் சேர்ந்த பெருக்கே மழையின் அடையாளம் என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். அடைபட்ட ஆறு இப்படிப் பெருகாது. ‘வண்டி வெடிக்கிறது’ என்பதும் அதேபோல் வெறும் நீர்மட்டம்தான். வெடிப்பது கார்ப்பரேட்டர் வழியாகவா, சைலன்சர் வழியாகவா? கார்ப்பரேட்டர் பக்கம் என்றால், கலவை மெலிந்து மெதுவாக எரிவதால் இன்லெட் வால்வு மறுபடி திறக்கும்வரை தீ அணையாமல் இருந்திருக்கலாம், அல்லது அந்த வால்வே மூடாமல் இருக்கலாம். சைலன்சர் பக்கம் என்றால், சிலிண்டரில் எரியாமல் தப்பிய கலவை சூடான குழாய்க்குள் போய்ப் பற்றிக்கொள்கிறது. அப்போது பிளக்கின் பொறியையும் டைமிங்கையும் எக்ஸாஸ்ட் வால்வையும்தான் சந்தேகிக்கவேண்டும். சத்தம் எங்கே, எப்போது, எந்தச் சுமையில் என்று கேட்கக் கேட்க வாசல்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன.

எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இரண்டு மூன்று காரணங்கள் மிஞ்சும் என்று எதிராளி விடாமல் சொல்லலாம். மெய்தான். அந்த இடத்தில் பார்ப்பது போதாது, தலையிட வேண்டும். கம்ப்ரஷன் குறைந்திருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு கசியலாம். வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், ரிங் தேய்ந்த சிலிண்டரில் அளவு ஏறும். வால்வு கசிகிற சிலிண்டரில் ஏறாது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். கேமில் உரசும் அதன் அடி தேய்ந்தால் இடைவெளி சுருங்கி, பாயிண்ட் தாமதமாகத் திறந்து, டைமிங் பின்தங்கி, வண்டி இழுவை இழக்கும். இடைவெளியைச் சரிசெய்ததும் இழுவை திரும்பினால் இந்தச் சங்கிலிக்கு ஒரு சான்று கிடைக்கிறது. ஆனால், ‘புது கண்டென்சர் போட்டேன், சரியாகிவிட்டது’ என்பது போன்ற சான்று மட்டும் போதாது. மாற்றும்போது தளர்ந்திருந்த வயர் ஒன்று தற்செயலாக இறுகியிருக்கலாம். பழைய கண்டென்சரை மறுபடி மாட்டி, கோளாறு திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். காரணம் இருக்கும்போது விளைவும் இருப்பது அன்வயம், அது இல்லாதபோது இதுவும் இல்லாதது வெதிரேகம் என்று தர்க்க நூல்கள் சொல்வது இந்த இரண்டையும்தான். வயதான வண்டியில் இரண்டு கோளாறுகள் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதும் இம்முறையைக் குலைக்காது. ஒன்றைத் தீர்த்தபின் எது மிச்சம் நிற்கிறதோ அது அடுத்த விசாரணைக்குப் பொருளாகும்.

இவ்வளவுக்கும் பிறகு, ‘நாளைக்கும் இப்படியே நடக்கும் என்பதற்கு என்ன உறுதி?’ என்று அனுமானத்தை ஏற்காத உலகாயதன் கேட்பான். பத்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த உதயணர் நியாய குசுமாஞ்சலியில் இதற்கு விடை தருகிறார்: ஐயம் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் நின்றுவிடவேண்டும். நெருப்பால் புகை வருகிறதா என்று ஐயுறுபவன், புகை வேண்டும்போது நெருப்பைத்தான் தேடுகிறான். கோளாறுக்கும் காரணத்துக்கும் தொடர்பே இல்லை என்று நிஜமாகவே நம்புகிறவன் ஸ்பேனரைக் கையில் எடுக்கமாட்டான், வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கும் கொண்டுபோகமாட்டான். தவறு நேர வாய்ப்புண்டு என்பது வேறு, அறிவே கிடையாது என்பது வேறு. ஒரு தீர்ப்பு தவறு என்று கண்டுபிடிக்கவே இன்னொரு சரியான அனுமானம் தேவைப்படுகிறது.

இதே உதயணர் இதே அனுமானத்தைக் கொண்டு கடவுளை நிறுவ முற்பட்டார்: உலகம் ஒரு காரியம், ஆகவே அதற்கு ஒரு கர்த்தா உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞானபோதமும், தோன்றி நின்று ஒடுங்குவதால் உலகுக்கு ஒரு முதல் உண்டு என்றே தொடங்குகிறது. பட்டறையில் செல்லுபடியாகும் அனுமானம் இங்கேயும் செல்லுமா? செல்லாது என்பதே என் முடிவு. காரணத்தையும் பட்டறையே சொல்லிவிட்டது. உலகின் வெள்ளத்துக்கு நுரையும் தழையும் எவை என்று பிரித்துச் சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வேறு உலகம் இல்லை. கழற்றி வைத்து வெதிரேகம் பார்க்கவும் வழி இல்லை. காரியம் என்றால் காரணம் உண்டு என்பது பொது நியதி, அதற்குத் தனிச் சோதனை எதற்கு என்று சைவ சித்தாந்தி கேட்கலாம். சரி, அந்த நியதியால் கிடைப்பது ‘ஏதோ ஒரு காரணம்’ மட்டுமே. ‘வண்டியில் ஏதோ கோளாறு’ என்று சொன்னவன் நோயைக் கண்டுபிடித்தவன் ஆகமாட்டான். அந்தக் காரணம் ஒன்றா பலவா, அறிவுள்ளதா அற்றதா என்பதுதான் கேள்வியே. பக்தியில் யாருக்கும் குறையாத இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்: மாளிகை போன்றவற்றைப் பலர் சேர்ந்து கட்டுகிறார்கள், அதனால் உலகம் காரியம் என்பதிலிருந்து ஒரே கர்த்தாவுக்குப் போக முடியாது; இறைவனை அறிய மறைநூலே வழி. மறையை அளவையாக ஏற்பதா வேண்டாமா என்பது தனி வழக்கு. ஆனால் தன் நம்பிக்கைக்கு அனுமானத்தின் முத்திரையைக் கடன் வாங்க மறுத்த அந்த நேர்மை நாத்திகனுக்கும் ஆத்திகனுக்கும் பொது. சோதிக்க முடிந்த இடத்தில் ‘தெரியும்’ என்று துணிந்து சொல்வதும், சோதிக்க முடியாத இடத்தில் ‘நம்புகிறேன்’ என்று மட்டும் சொல்வதும் ஒரே ஒழுங்கின் இரு பகுதிகள்.