மணிமாலிகையின் நகைப்பெட்டி

பேய் உண்டா, இல்லையா என்னும் வழக்கை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அறிவுடையோர்க்கு அது என்றோ தீர்ந்துபோன வழக்கு. ஆயினும், பேயை நம்பாதவனும் பேய்க்கதை கேட்டு நடுங்குகிறானே, அந்நெஞ்சம் எதற்கு அஞ்சுகிறது என்பது ஆராயத்தக்கதே.

கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தோர் லயத்து வாசலில் இரவு நேரத்தில் கேட்ட கதைகளை நினைத்துப் பார்ப்பாராக. அவற்றில் வரும் பேய்களுட் பல பெண்கள். பிள்ளைப் பேற்றில் மாண்டவள் ஒருத்தி, கிணற்றில் விழுந்தவள் ஒருத்தி. மலாய்க்காரர் அஞ்சும் பொந்தியானாக்கும் பெண்ணே. இருந்தபோது வாய் திறவாதவள், இறந்தபின் கேட்க வருகிறாள்!

தாகூர் 1898இல் எழுதிய 'மணிஹாரா' அத்தகைய கதை. அவரது நூற்றாண்டாகிய 1961இல் சத்யஜித் ராய் எடுத்த 'தீன் கன்யா' என்னும் முக்கதைப் படத்தில், ஒரு மணி நேர அளவில், இது நடுக்கதையாக அமைந்தது. செல்வன் பணிபூஷணன். அவன் மனைவி மணிமாலிகைக்கு நகையே உயிர். கணவனுக்குப் பொருள் முடை நேர்கிறது. நகையைக் கேட்பானோ என்று அஞ்சிய அவள், அவன் கல்கத்தா சென்றிருக்கையில், உறவினன் ஒருவனோடு நகைகளுடன் வெளியேறுகிறாள், மீளவில்லை. அவளுக்கென அவன் வாங்கி வந்த நகைப்பெட்டியைக் கவர, நள்ளிரவில் ஓர் எலும்புக் கை நீள்கிறது.

பேராசையின் பயன் இது என்று பார்த்தோர் எளிதில் சொல்லிவிடுவர். கதை சொல்லும் பள்ளி ஆசிரியனோ இன்னும் ஒருபடி மேலே போகிறான்: கணவன் கடுமை காட்டாததே பிழையாம்! (எல்லாப் பள்ளி ஆசிரியரும் இப்படியல்லர் என்பதை நாம் அறிவோம்.) சொல்பவன் ஆண், கேட்பவன் ஆண். மணிமாலிகையைக் கேட்டார் எவருமில்லை.

அவள் ஆசையற்றவள் என்று நாம் வாதிடவில்லை. கணவன் கொடியவனுமல்லன், அவன் எதையும் பிடுங்கவில்லை. நல்லவனே. எனினும் அவனது நன்மை அவன் மனத்தைப் பொறுத்தது. இன்று கேளாதவன் நாளை கேட்கலாம். வீடும் நிலமும் வணிகமும் அவனுடையன. அந்நாளைய இந்து சட்டம் பெண்ணுக்குத் தனியுடைமை என முதன்மையாக ஒப்புக்கொண்டது சீதனத்தையே. எனில் அவள் பற்றிக்கொண்டது பொன்னையா, அல்லது தன் காலடியில் இருந்த ஒரே கல்லையா?

கருணை வேறு, உரிமை வேறு என்பது தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதன்று. நல்ல துரை வாய்த்த தோட்டத்திலும் லயத்து வீடு நிருவாகத்தினுடையதே; வேலை போனால் வீடும் போயிற்று. வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் ஒரு வீட்டுக்காகப் பல்லாண்டு போராடினர். அத்தகைய வாழ்வில், ஆணுக்கு 50 காசு கூலியெனில் தனக்கு 40 காசு என்றிருந்த காலத்திலும், பால்வெட்டிய பெண் மிச்சம் பிடித்தது காதுக்கும் கழுத்துக்கும் ஆயிற்று. அதுவும் எத்தனை வீடுகளில் அவளைக் கேளாமலே அடகுக் கடைக்குப் போயிற்று! போனது பிள்ளையின் படிப்புக்கானால் அவள் தானே கழற்றித் தந்திருப்பாள். கள்ளுக்கடைக் கடனுக்குப் போனதை என்னென்பது? தர மறுத்தவளுக்கு நாம் இட்ட பெயர் 'நகைப்பேய்'.

ராய் தம் படத்தை முடிக்கும் விதம் நோக்கத்தக்கது. ஆற்றங்கரையில் போர்வைக்குள் அமர்ந்து கதை கேட்டவன், தானே பணிபூஷணன் என்று கூறி மறைகிறான். ஆசிரியன் அலறி ஓடுகிறான். தன் கதையைக் கேட்கவும் திருத்தவும் செத்த கணவனுக்கு ஓரிடம் கிடைத்தது. மணிமாலிகைக்குக் கிடைத்தது ஒரு கையும் ஒரு சிரிப்பும்.

புக்கிட் ரோத்தானிலோ பத்தாங் பெர்ஜுந்தையிலோ, ஒரு சிறு பெட்டியைத் துணிக்கடியில் ஒளித்து வைத்துப் பழகிய பாட்டிமாருக்கு இப்படத்தைப் போட்டுக் காட்டினால், அந்தக் கை நீளும்போது அவர்கள் அஞ்சுவார்களா என்பதை நாம் அறிய விரும்புகிறோம்.