பாதியில் நின்ற கோபுரம்

உங்கள் தாத்தா பாதியில் விட்டுப்போன வீட்டை நீங்கள் முடித்தே ஆகவேண்டுமா? அதுவும், அவர் கும்பிட்ட மாதிரி நீங்கள் கும்பிடாதபோது?

ஜெர்மனியில் உல்ம் என்று ஓர் ஊர். 1377-ல் ஊர்க்காரர்கள் சொந்தக் காசு போட்டு ஒரு கோதிக் சர்ச் ஆரம்பித்தார்கள். பிஷப் கிடையாது, அதனால் கதீட்ரல் இல்லை. வெறும் பங்கு ஆலயம்தான். ஆனால் கூர்வளைவும் கோபுரமும் வானத்தைக் குத்தணும் என்று ஆசை. 1490-களில் பூசை நேரத்தில் கோபுரத்திலிருந்து கல் பெயர்ந்து விழ, தலைமைக் கொத்தனார் பொப்லிங்கர் ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. 1530-ல் ஊர் ஓட்டுப் போட்டுப் புராட்டஸ்டன்ட் ஆனது. 1543-ல் வேலையே நின்றது. சுமார் 300 வருஷம் மொட்டைக் கோபுரம்!

1844-ல் மறுபடி தொடங்கினார்கள். அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமே என்பீர்கள். நியாயமான கேள்வி. செத்தவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் என்ற வாதம் எனக்கும் ஒப்பவில்லை. 1377-ல் கல் சுமந்தவன் யாரிடமும் சத்தியம் வாங்கவில்லையே! ‘நான்தான் டாக்டராகலை, நீயாவது ஆகு’ என்று பிள்ளை தலையில் கட்டும் அப்பாக்களைவிட அவன் எவ்வளவோ மேல். கட்டினால் கட்டு, இல்லாட்டி விடு.

விரட்டப்பட்ட பொப்லிங்கரின் வரைபடம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதை வைத்துத்தான் 1890-ல் முடித்தார்கள். 161.5 மீட்டர். 2025 அக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா தாண்டும்வரை உலகிலேயே உயரமான சர்ச் இதுதான். வரைபடத்தில் இருந்ததைவிட உயரம் பத்து மீட்டர் கூட. பேரன்கள் தாங்களாகச் சேர்த்தது.