ஒப்பிட ஆளில்லாத கூலி

பஞ்சு பனியனாவதற்குள் பல வேலைச் சந்தைகளைக் கடக்கிறது. கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் விடுதியில் தங்கிய கல்யாணமாகாத இளம்பெண்கள். திருப்பூரின் நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் பெரும்பாலும் ஆண்கள். பனியன் கம்பெனிக்குள் கட்டிங் மாஸ்டர் ஆண். செக்கிங்கும் கைமடியும் பெண்களுக்கு. தையலில் இப்போது பீகார், ஒடிசா இளைஞர்களும் உண்டு. நூல் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தடையின்றிப் போகிறது. அதைத் தொடும் கைகள் போவதில்லை.

தொழிலாளர்கள் ஒன்றோடொன்று போட்டியிட முடியாத குழுக்களாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்று 1874லேயே பொருளியலாளர் ஜான் எலியட் கெய்ர்ன்ஸ் எழுதினார். கொங்கு நாட்டில் அந்தப் பிரிவுக்குச் சாதியும் பாலினமும் மொழியும் சுவர் வைக்கின்றன.

“யாரையும் இழுத்து வரவில்லை, விருப்பப்பட்டுத்தான் வந்தார்கள்” என்பது ஆலைத் தரப்பின் வாதம். அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. மழை பொய்த்த ஊரில் காட்டுவேலைக் கூலியை நம்பியிருந்த வீட்டுக்கு மகளின் ஆலைச் சம்பளம் பெரிய தாங்கல்தான். ஆனால் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை; உடம்பு முடியாமல் இடையில் நின்றால் பல இடங்களில் அதுவும் கிடையாது. அவள் உழைத்த கூலியைப் பிடித்துவைத்துக் கல்யாணச் செலவுக்கு உதவி என்று கொடுத்தார்கள். திருப்பூர் டெய்லரிடம் இப்படிப் பேச எந்த முதலாளிக்கும் துணிவு வராது. ரேட் கட்டவில்லையென்றால் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனியில் உட்கார்ந்துவிடுவார்.

ஆளுக்கேற்ப வேலையைப் பிரித்துவைக்கும் இந்த அநீதியைச் சட்டத்தால்கூட எளிதில் எட்ட முடிவதில்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வகையான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. பெண்கள் மட்டுமே நிற்கும் இடத்தில் யாரோடு ஒப்பிடுவது? துணி வெட்டுவது திறமை, நாள் முழுக்கக் கண்ணை ஊன்றிப் பழுது தேடுவது சும்மா கைவேலை என்று தரம் பிரித்தது யார்? ஆளைப் பார்த்து வேலையைப் பிரித்து, வேலையைக் காட்டிக் கூலியைக் குறைப்பதில்தான் தவறு ஒளிந்திருக்கிறது.

வெளிநாட்டு வாங்குநர் பீஸுக்கு இவ்வளவுதான் என்று விலையை நெருக்குகிறார் என்பது உண்மை. பெண்களுக்குக் கட்டிங் கற்றுத்தராத மாஸ்டர்களுக்கும், அதைக் கேட்காத தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் எல்லோர் பொறுப்பும் ஒரே எடையல்ல. யார் கையில் விடுதிச் சாவி இருக்கிறதோ அவருக்கே முதல் கடமை. கூலியை மாதாமாதம் முழுதாக ஆலைப் பெண்ணின் கையில் கொடுப்பதற்கு வாங்குநரின் அனுமதி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுதிக் கதவைத் திறந்துவிடவும் அந்த அனுமதி தேவையில்லை. பக்கத்து மில்லில் என்ன சம்பளம் என்று அவள் நேரில் போய் விசாரித்து வந்து, அதன் பிறகும் இங்கேயே இருந்தால், விருப்பப்பட்டு வந்தாள் என்று அப்போது சொல்லட்டும்.